போவுக்கும் போடிக்கும் நடுவே

மே 6

சுண்டு,

உன் போனுக்கு நான் கூப்பிட்டால் மணியே அடிப்பதில்லை. உன் அக்கா என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறார் என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். அது போகட்டும், உனக்கே திரையைப் பார்த்தால் தலை பிளக்கிறதாம், கொஞ்ச காலத்துக்குப் போனைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதனால்தான் இந்தக் காகிதம். பள்ளிக்கூட லீவு லெட்டருக்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நாள் முழுக்க மெழுகில் பொய்ப்பல் செதுக்குகிற கைக்குப் பேனா பிடிக்க வரவில்லை என்றால் நீ சிரிப்பாய். சிரி, நல்லதுதான்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், யாராவது சொன்னார்களா? வார்டு வாசலில் அக்கா நின்றார். "என்ன, இன்னொரு போட்டோ எடுக்கணுமா?" என்றார். கையில் இருந்த ஆரஞ்சுப் பையை வாசல் நாற்காலியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சிறுநீரகம் கெட்டிருக்கும்போது ஆரஞ்சு கொடுக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. அதையும் அக்கா என் பாவத்தில் சேர்த்திருப்பார்.

அந்தப் போட்டோவைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் முடித்து எல்லைக் கோட்டைத் தாண்டியதும் யாரோ பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள், யாரோ சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். அதை நம் பயிற்சி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். வெயில் தாக்கி நீ ஐஸுக்குள் கிடந்தபோது அக்கா உன் போனில் அதைப் பார்த்திருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் நீயும் அப்படி நினைத்துவிடக் கூடாது. ஓட்டத்தின் கடைசிச் சுற்றில், நாம் கழுத்தறுப்பு என்று பெயர் வைத்த அந்த மேட்டில், நீ நடக்க ஆரம்பித்தாய். நானும் உன்னோடு நடந்தேன். நீ 'போ' என்றாய், நான் போனேன். நாம் பேசி வைத்தபடிதான் போனேன். அதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை.

உன் பேக்கரி திறந்துதான் இருக்கிறது. உன் வீட்டுக்கார அண்ணன் ஒற்றை ஆளாக மாவும் பிசைந்து, ஓவனும் பார்த்து, கல்லாவிலும் உட்காருகிறார். ரொட்டிகள் நடுவில் அமுங்கி, யாரோ ஏறி உட்கார்ந்த தலையணை மாதிரி இருக்கின்றன. வாங்குகிறவர்கள் ஒன்றும் சொல்வதில்லை, உன்னை மட்டும் விசாரிக்கிறார்கள்.

எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

நெட்டை

மே 13

ஏ நெட்டை,

அக்கா வேலைக்குப் போன பிறகு, அவள் வீட்டில் படுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். உன் கடிதம் வந்ததை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் காகிதத்தோடு சேர்த்து உன்னையும் கிழிப்பாள். போர்வைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நாற்பது வயதில் காதல் கடிதத்தை ஒளித்து வைக்கிற மாதிரி ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது, எல்லாம் உன் புண்ணியம்.

முதலில் உடம்பைச் சொல்கிறேன். தொடைச் சதை வெந்து இரத்தத்தில் கலந்துவிட்டதாம், அதை வடிகட்டப் போய்ச் சிறுநீரகம் படுத்துவிட்டதாம். மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். இப்போது அது தானாக வேலை செய்கிறது, அரசாங்க ஆபீஸ் வேகத்தில். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன். எழுதினால் கை நடுங்குகிறது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான், கோபத்தால் இல்லை. கோபம் தனியாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. என் உடம்புக்கு இனிமேல் சூடு தாங்காதாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். மாதக் கணக்கு ஆகலாம், வருஷமும் ஆகலாம், சிலருக்குச் சரியாகாமலும் போகலாம் என்றார் டாக்டர். நான் ஓவன் முன்னால் நிற்கிறவள் என்றேன். "வேற வேலை பாத்துக்கலாமே" என்றார். சட்டையை மாற்றிக்கொள் என்பது போலச் சொன்னார். நேற்று அக்கா அடுப்பை ஏற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். வியர்க்கவே இல்லை. காது அடைத்தது, சுவர் ஒரு பக்கமாக நகர்ந்தது, தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெறும் வெந்நீர் வைக்கிற அடுப்பு அது. என் பேக்கரிக்கு நான் திரும்பிப் போவேனா என்று எனக்குத் தெரியவில்லை. இதை என் வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது நீ எழுதியதற்கு வருகிறேன்.

எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். ஏரித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, உன் கை என் குதிகாலில் பட்டது. சைக்கிளில் மேடு ஏறும்போது நீ பின்னால் சாலை போட்ட காண்டிராக்டரைத் திட்டிக்கொண்டே வந்தாய். இறக்கத்தில் காற்றே சுட்டது, ஓவன் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி. சைக்கிளைக் கம்பியில் மாட்டினேன். ஷூ போட்டேன், இடது கயிற்றை இரண்டு தடவை கட்டினேன். அப்புறம் கூரை. அக்கா முகம். கக்கத்தில் ஐஸ். நடுவில் ஒரு முழு ஓட்டத்தைக் காணவில்லை. எவ்வளவு தேடினாலும் கிடைக்கவில்லை.

பேசி வைத்தபடி போனேன் என்கிறாய். நாம் பேசி வைத்தது என்ன? நீ போட்ட சட்டம்தான் அது, நீ சொன்ன வார்த்தையிலேயே எழுதுகிறேன். "உண்மையிலேயே முடியலன்னா 'போ'ன்னு சொல்லணும். அப்ப மத்தவ திரும்பிப் பாக்காம போயிடணும். 'போடி'ன்னா கணக்குல சேராது. 'போடி'ன்னா நிக்கணும்." என் வாய்க்காகவே போட்ட சட்டம். டீ வேண்டுமா என்றாலும் போடி என்பேன், இந்தச் சேலை நன்றாக இருக்கிறது என்றாலும் போடி என்பேன். அழுகை முட்டினாலும், என்னைத் தனியாக விட்டுவிடாதே என்று கெஞ்ச வேண்டியிருந்தாலும், எனக்கு வருவது அந்த ஒரு சொல்தான். உனக்கு அது தெரியும், என் வீட்டுக்காரரை விட உனக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே கேட்கிறேன். அந்த மேட்டில் நான் சொன்னது 'போ'வா, 'போடி'யா? அங்கே இருந்தது நாம் இரண்டு பேர்தான், அதில் நான் இல்லை. நீ என்ன சொல்கிறாயோ அதை நம்பிக்கொள்கிறேன். யோசித்துச் சொல்.

சுண்டு

மே 20

சுண்டு,

உன் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். படித்த பிறகு ஒரு கிழவருக்குச் செய்த கீழ்த்தாடைப் பல்வரிசையை மேல்தாடை அச்சில் பொருத்தப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். டாக்டரம்மா வந்து என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

'போ' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று எனக்குத் தெரியும். நம்பிக்கொள்கிறேன் என்று நீயே சொல்லிவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு இத்தனை நாள் ஆனது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

நீச்சலில் என் இடது காதில் தண்ணீர் புகுந்துகொண்டது. சைக்கிள் முழுக்கத் தலையைத் தட்டிக்கொண்டே வந்தேன், வெளியே வரவில்லை. அந்த மேட்டில் நீ என் இடது பக்கம் இருந்தாய். மேலே இருந்து காற்று வேறு. நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய். 'போ' என்பது நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு ஏதோ ஒன்று வந்தது. அது 'டி'யாக இருக்கலாம், நீ மூச்சு விட்டதாகவும் இருக்கலாம். இதுதான் உண்மை. இப்போதும் காலையில் பல் தேய்க்கும்போது அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் 'டி' இருக்கிறது, ஒரு நாள் இல்லை.

நான் 'போ' என்றே எடுத்துக்கொண்டேன். ஏன் என்று உனக்குத் தெரியாதா? போன வருஷம் இதே மேட்டில் என் கால் பிடித்துக்கொண்டபோது நான் உன்னிடம் 'போ' என்றேன். தெளிவாகச் சொன்னேன், கையெடுத்துக் கும்பிட்டும் சொன்னேன். நீ போகவில்லை. "நீ போன்னா நான் போயிடுவேனா?" என்று சொல்லிச் சாலை ஓரத்தில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டாய். கெடு நேரம் தாண்டிவிட்டது, இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றினார்கள். வண்டியில் நான் உன்னோடு பேசவில்லை. நீ தோற்றது என்னால்தான் என்ற பாரத்தை ஒரு வருஷம் என் தலையில் ஏற்றி வைத்துவிட்டாய். நீ ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும். அதற்காகத்தான் அந்தச் சட்டத்தையே போட்டேன். சொன்னால் போக வேண்டும். யாரும் யாருக்கும் தியாகம் செய்யக் கூடாது.

சப்பைக்கட்டு கட்டுகிறேன் என்று நினைப்பாய். கொஞ்சம் அப்படித்தான். ஆனால் காதில் தண்ணீர் புகுந்தது பொய் இல்லை. அன்றைக்கு இரவு தலையணையில் சாய்ந்தபோதுதான் சூடாக வழிந்தது.

ஓவனைப் பற்றி நீ எழுதியதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. நீயே சொல், தள்ளிப் போடாதே. அவர் தினமும் உன் ஏப்ரனைத் துவைத்து ஆணியில் மாட்டி வைக்கிறார்.

நெட்டை

மே 28

நெட்டைக்கு,

காதில் தண்ணீராம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்திருந்தார். ஓவன் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கு என்ன, நீ கல்லாவுல உக்காரு" என்றார். பன்னிரண்டு வயதிலிருந்து மாவில் கை வைத்தவள் நான். கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணுவதற்கா பிழைத்து வந்தேன் என்று கத்திவிட்டேன். அவர் மேல் தப்பில்லை. பாவம், முகம் செத்துவிட்டது.

அந்தச் சண்டையில்தான் அவர் ஒன்றைச் சொன்னார். சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் மென்று விழுங்கி வைத்திருந்திருக்கிறார். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் எனக்காகக் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு நின்றாராம். நீ தனியாக வந்தாயாம். "என்னம்மா, அவ எங்க?" என்று கேட்டாராம். நீ பதக்கத்தைத் தடவிக்கொண்டே, "பின்னாடி வர்றாண்ணா" என்றாயாம்.

அவர் நம்பினார். பாட்டில் கையில் சூடாகிற வரைக்கும் நின்றாராம். அதற்குப் பிறகுதான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் வந்திருக்கிறார். அதற்குள் தண்ணீர் மேசையைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்த வண்டிக்காரர் சாக்கடை ஓரத்தில் என்னைப் பார்த்திருக்கிறார். அவர் மட்டும் வேறு பக்கம் பார்த்து ஓட்டியிருந்தால் நீ இந்தக் கடிதங்களையெல்லாம் யாருக்கு எழுதியிருப்பாய்?

இப்போது உன் சட்டத்தை எடுத்து வைத்துப் பார்க்கலாம். நான் 'போடி' என்றிருந்தால் நீ நின்றிருக்க வேண்டும். சரி, அது காதில் விழவில்லை, 'போ' என்றுதான் விழுந்தது என்றே வைத்துக்கொள்கிறேன். 'போ' என்றால் என்ன அர்த்தம்? உண்மையிலேயே முடியவில்லை என்று அர்த்தம், உன் வாயாலேயே சொன்ன அர்த்தம். உண்மையிலேயே முடியாதவள் எப்படிப் பின்னால் வருவாள்? வழியில் எத்தனை தண்ணீர் மேசை இருந்தது, ஒருவரிடமாவது சொன்னாயா? அந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு எனக்கும் உனக்கும் என்னடி வழக்கு? அது இருந்தாலும் நீ செய்தது இதுதான், இல்லாவிட்டாலும் இதுதான்.

போன வருஷம் உன் கூட உட்கார்ந்ததற்கு இந்த வருஷம் என் மேல் கோபம். நல்ல சிநேகிதம்.

பதில் எழுத வேண்டாம்.

ஜூன் 4

சுண்டு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. அவரிடம் மட்டும் இல்லை. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மேசையில் நின்ற அம்மாள், "கூட ஒருத்தங்க வந்தாங்களே?" என்று கேட்டார். அவரிடமும் "வர்றாங்க" என்றேன். ஒரு டம்ளர் தலையில் ஊற்றிக்கொண்டு, இன்னொன்றைக் குடித்துவிட்டு, வாய் கூசாமல் சொன்னேன். சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் நீ வராமல் இருந்ததே இல்லையே. நீச்சலிலும் சைக்கிளிலும் ஓட்டத்திலும் நான் பார்த்ததெல்லாம் உன் முதுகைத்தான். அந்த நீலச் சட்டையில் வியர்வை எந்த இடத்தில் முதலில் படரும் என்றுகூட எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு முன்னால் உன் முதுகு இல்லை. வெறும் சாலை. கெடு நேரத்துக்குள் போய்விடலாம் என்று தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது சுண்டு. கால் வலிக்கவே இல்லை. திரும்பிப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் போய்விடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் பார்க்கவில்லை. காதில் தண்ணீர் இருந்ததும் உண்மை, இதுவும் உண்மை.

இன்னொன்றையும் போன கடிதத்தில் எழுதவில்லை. எழுதிவிட்டு அந்தத் தாளை மட்டும் கசக்கிப் போட்டேன். 'போ' என்பதற்குக் கொஞ்சம் முன்னால், மேட்டின் அடிவாரத்தில், நீ என்னைப் பார்த்து, "சைக்கிளை எங்கடி வச்சோம்?" என்று கேட்டாய்.

சைக்கிளை விட்டு வெகு நேரம் ஆகியிருந்தது. நீ கையிலிருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளாமல் ஷூவில் ஊற்றிக்கொண்டிருந்தாய். உன் சட்டை காய்ந்து உப்புப் பூத்திருந்தது, வியர்வையே இல்லை. நீ எப்போதும் கிண்டல் பண்ணுகிறவள், அதனால் கிண்டல் என்று நினைத்தேன். "ம், வித்துத் தின்னாச்சு" என்று பதில் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. நான் அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் 'போ' என்பதைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

இதை மன்னித்துவிடு என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கும்.

உன் வீட்டுக்காரர் சொல்லியிருப்பாரோ என்னவோ, நான் விடியற்காலையில் பேக்கரிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். லேபுக்குப் போகும் முன்பு ஓவன் பக்கம் நிற்கிறேன். அவர் முதலில் முகம் கொடுத்தே பேசவில்லை. இப்போது "தட்டைத் திருப்பு", "கதவைச் சாத்து" என்கிற அளவுக்கு வந்திருக்கிறார். பரிகாரம் என்றெல்லாம் நினைக்காதே, அவருக்கு ஒரு கை குறைகிறது, அவ்வளவுதான். முன்கையில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். ரொட்டி இன்னும் அமுங்குகிறது.

உன் சைக்கிள் என் வீட்டு ஹாலில், சுவரில் சாய்ந்து நிற்கிறது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போகிறேன்.

இனி நானாக எழுத மாட்டேன். நீ 'போ' என்றால் போய்விடுகிறேன், பேக்கரிப் பக்கமும் வர மாட்டேன், சைக்கிளை அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரே ஒரு தடவை சொல்லிவிடு. இந்தத் தடவை இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது.

நெட்டை

ஜூன் 19

நெட்டை,

உடனே பதில் எழுதக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். அந்தச் சைக்கிள் கேள்விதான் இருக்க விடவில்லை.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று 'போ' என்று சொல்லிப் பார்த்தேன். 'போடி' என்றும் சொல்லிப் பார்த்தேன். எது வாயில் தானாக வருகிறது என்று பார்க்கத்தான். அக்கா வெளியே நின்று கேட்டிருக்கிறாள். "யாரைடி விரட்டுற?" என்றாள். கதவைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், போர்வைக்கு அடியில் இருந்ததையும் எடுத்துக் காட்டினேன். அவள் உட்கார்ந்து உன் கடிதங்களை எல்லாம் படித்தாள். படித்துவிட்டு, "இவ எதுக்கு இதையெல்லாம் எழுதுனா? எழுதாம இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றாள். அதற்குப் பிறகு உன்னைத் திட்டவில்லை. எண்ணை மட்டும் இன்னும் திறந்துவிடவில்லை, அவளுக்கு அவசரம் இல்லை.

சைக்கிள் எங்கே என்று கேட்டவள் நான் இல்லை நெட்டை. அப்போதே எனக்கு மூளை கலங்கிவிட்டது. கலங்கினவள் சொன்ன 'போ'வுக்கு என்ன அர்த்தம், 'போடி'க்குத்தான் என்ன அர்த்தம்? ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன சொல்லே இல்லை அது. உன் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை. இரண்டு பேருக்கும் புத்தி தெளிவாக இருக்கும் என்று நினைத்துப் போட்ட சட்டம். ஒருத்திக்கு வெயிலில் கலங்கியது, ஒருத்திக்குச் சந்தோஷத்தில் கலங்கியது.

இதனால் என் கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அப்படியே இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் அதுதான் எழுகிறது. நீ அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் ஓவன் முன்னால் நின்றிருப்பேன். அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு மேலே யோசிக்க முடியவில்லை. அதை எப்போது தாண்டுவேன் என்று தெரியாது. தாண்டாமலே இருந்தாலும் இருப்பேன், நீ அதற்கும் தயாராக இருந்துகொள்.

டாக்டர் திரும்பவும் பார்த்தார். சிறுநீரகம் பரவாயில்லை. போட்டி, கீட்டி என்று இனிமேல் பேசவே கூடாதாம். ஓவனைப் பற்றிக் கேட்டேன், வருஷம் திரும்பட்டும் பார்க்கலாம் என்றார். போன தடவை வேறு வேலை பார் என்றவர்தான். அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறேன். கல்லாவில்தான் உட்காரப் போகிறேன், அவரிடம் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

நீ என் ஓவன் முன்னால் நிற்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. எரியட்டும். ரொட்டி ஏன் அமுங்குகிறது என்று இரண்டு பேருக்கும் இன்னுமா புரியவில்லை? பாதியில் கதவைத் திறந்து பார்க்கிறீர்கள். வெந்துவிட்டதா, வெந்துவிட்டதா என்று பொறுமை இல்லாமல் திறந்தால் அது பயந்து உட்கார்ந்துவிடும். நிறம் ஏறுகிற வரைக்கும் கதவைத் தொடாதே. முழங்கை வரைக்கும் துணி சுற்றிக்கொள், சுட்ட இடத்தில் பல் மெழுகு, பற்பசை என்று எதையாவது அப்பித் தொலைக்காதே. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டு வை, நான் ஓட்டாவிட்டாலும் துருப்பிடிக்கக் கூடாது.

நீ கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் நீ பிறகு காதைச் சாக்குச் சொல்வாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன், கடைசி எழுத்தைப் பேனாவை அழுத்தித்தான் எழுதுகிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்.

போடி.